கொதிக்காத வண்டி

தமிழ்நாட்டில் 'சூடு' என்னும் சொல்லுக்குள்ள செல்வாக்கு வேறெந்தச் சொல்லுக்கும் இல்லையென்றே கூறலாம். கண் எரிந்தால் உடம்பில் சூடு, முகத்தில் கட்டி புறப்பட்டால் சூடு, பிள்ளையாண்டான் பரீட்சையில் தவறிவிட்டால்கூட, "இராத் தூக்கம் விழித்துப் படித்தான், உடம்பு சூடாகிவிட்டது" என்று சமாதானம் சொல்லும் தாய்மார்கள் உண்டு. இந்தச் சூட்டைத் தணிப்பதற்காகவே சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானமும், இளநீரும், ஊறவைத்த வெந்தயமும், நன்னாரி சர்பத்தும் நம் நாட்டில் ஏற்பட்டிருக்கின்றன. மனிதருக்கு ஏற்பட்ட இந்தச் சாஸ்திரத்தை நம்மவர்கள் மோட்டார் வண்டிக்கும் அப்படியே பிரயோகம் செய்து வருகிறார்கள். பழைய வண்டி ஒன்றை எவரேனும் வைத்திருந்தால் அவரைப் பார்த்துக் கேட்கும் முதற் கேள்வி, "வண்டி கொதிக்கிறதா?" என்பதுதான். "இல்லை" என்று பதில் வந்துவிட்டால் திருப்தி. வண்டி போதுமான சூட்டை அடைகிறதா என்று கேட்ட மனிதர் ஒருவரையும் நாம் இதுவரையில் சந்தித்ததில்லை.

நாம் உதகமண்டலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் போதித்து வருகிறோம். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊர் இது. கோடை காலத்தில் இங்கே வந்து ஏரியில் படகு விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு இவ்வூரின் மார்கழியும் தையும் தெரியா. அந்த மாதங்களில் விடியற்காலையில் புல்வெளிகளெல்லாம் உறைபனியினால் உப்புத் தூவியதுபோல் வெளுத்திருக்கும். வாசலில் நிற்கும் வண்டியின் கண்ணாடியை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்த பிறகுதான் உள்ளே ஏறவேண்டும்.

நம்முடைய வண்டி 1978-ஆம் வருஷத்து அம்பாஸடர். நம் மாமனார் ஆசையோடு வாங்கி ஓட்டியது. அவர் முதலில் பெண்ணைக் கொடுத்தார். பல வருஷங்கள் நம்மைச் சோதித்துப் பார்த்துத் திருப்தியடைந்த பிறகே வண்டியைக் கொடுத்தார். இந்த ஜாதி வண்டியின் பூர்வோத்தரத்தை நேயர்களில் பெரும்பாலோர் அறிந்திருப்பார்கள். இங்கிலாந்தில் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பெயருடன் பிறந்து, 1950-களின் இறுதியில் வங்காளத்து உத்தர்பாராவில் அம்பாஸடர் என்று நாமகரணம் பெற்று, 2014-ஆம் ஆண்டு வரையில் அங்கே உற்பத்தியாகி வந்தது. நம் வண்டியிலுள்ளது 1,489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள பெட்ரோல் எஞ்சின். இங்கிலாந்தில் பி வரிசை என்று வழங்கிய அதே எஞ்சின்தான்.

இந்த வண்டியை நாம் அழகு பார்ப்பதற்காக வைத்திருக்கவில்லை. நம் தாயாருக்கு வயது எண்பதை நெருங்குகிறது. கண் வைத்தியத்துக்காக மாதம் இருமுறை அவரைக் கோயம்புத்தூருக்கு அழைத்துச் செல்லவேண்டும். பஸ்ஸில் மலைப்பாதையின் திருப்பங்களை அவரால் தாங்க முடியாது. அம்பாஸடரின் பின் ஆசனத்தில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டால் மேட்டுப்பாளையம் வரையில் நிம்மதியாகத் தூங்கிவிடுவார். வாடகைக் காரில் போகலாமே என்றால், "அதில் பெட்ரோல் நெடி" என்பார். நம் வண்டியில் பெட்ரோல் நெடி இல்லையா என்று நாம் கேட்பதில்லை.

சென்ற ஒரு வருஷமாகவே வண்டியின் நடத்தை சரியாக இல்லை. சோக்கை இழுத்துத்தான் காலையில் கிளப்பவேண்டும் என்பது இயல்பு. ஆனால் இரண்டு மூன்று கிலோமீட்டர் போன பிறகும் சோக்கை உள்ளே தள்ளினால் வண்டி விக்கித் தயங்கி நின்றது. லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த வண்டி ஏழுக்கு இறங்கியது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் விளக்குக் கரியைப் பூசியதுபோல் கறுத்திருந்தன. மாமனார் பிற்காலத்தில் பொருத்திய உஷ்ண மீட்டர் ஒன்று வண்டியில் உண்டு. அதன் முள் கால் பங்குக்கு மேல் எழுந்ததே இல்லை. மலை இறங்கும்போது அந்தக் கால் பங்கையும் விட்டுவிட்டு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதே காரணத்துக்காக வண்டியை எல்லாரும் புகழ்ந்ததுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைப்பாதையில் பர்லியாறு என்று ஓரிடம் இருக்கிறது. மங்குஸ்தான் பழத்துக்குப் பெயர் போனது. சித்திரை வைகாசியில் அங்கே பழம் வாங்குகிறவர்களைவிட, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஆவி பறக்கும் ரேடியேட்டருக்கு முன்னால் தண்ணீர்க் குடத்துடன் நிற்கிறவர்களே அதிகமாயிருப்பார்கள். நம் வண்டி மாத்திரம் அவர்களையெல்லாம் கடந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காமல் மேலே ஏறிப் போகும். "அந்தக் காலத்து இரும்பு ஐயா!" என்று பர்லியாறில் ஒரு பழக்கடைக்காரர் ஒவ்வொரு முறையும் சொல்லுவார்.

சென்ற கார்த்திகையில், சமவெளியில் நல்ல பெயருள்ள ஒரு பட்டறையில் வண்டியைக் காட்டினோம். அங்கிருந்த தலைமை மெக்கானிக் எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தார். மூடியின் உட்புறத்தில் காப்பி கலந்த வெண்ணெய் போல ஒரு பசை அப்பிக் கிடந்தது. அதை விரலால் வழித்து நம் மூக்குக்கு நேரே நீட்டி, "ஹெட் காஸ்கெட் போய்விட்டது சார். தண்ணீர் எண்ணெயில் இறங்குகிறது. எஞ்சினை இறக்கவேண்டும். இறக்கினால் ரீபோர் செய்யாமல் மூட முடியாது" என்று தீர்ப்புச் சொன்னார். கணக்குப் போட்டதில் 60,000 ரூபாய் வந்தது. பணம் ஒரு புறம் இருக்கட்டும். இந்த எஞ்சினின் சிலிண்டர்கள் முன்பே இருமுறை கடைந்து அகலப்படுத்தப்பட்டவை. பிஸ்டனில் இன்னும் ஓரளவுதான் மிச்சம். அதற்கும் மேல் போனால் சிலிண்டருக்கு உள்ளுறை போடவேண்டும், அல்லது வேறு எஞ்சின் தேடவேண்டும். "இவ்வளவு செலவழிப்பதற்கு, யாராவது கேட்கிற விலைக்குத் தள்ளிவிடுங்கள்" என்று ஒரு நண்பர் இலவசமாக யோசனை கூறினார். இதை வீட்டில் தெரிவித்தபோது நம் இல்லத்தரசி ஒன்றும் பேசவில்லை. அவர் தகப்பனார் காலமாகி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது.

பட்டறையின் தீர்ப்பை நாம் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஹெட் காஸ்கெட் கிழிந்து தண்ணீர் எண்ணெயில் கலந்தால், ரேடியேட்டரில் தண்ணீர் குறையவேண்டுமல்லவா? நம் வண்டியில் மாதக் கணக்காகக் குறையவேயில்லை. அடித் தொட்டியிலுள்ள எண்ணெயும் மோர் போல் வெளுத்திருக்கவேண்டும். டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் எண்ணெய் கறுப்பாக, எண்ணெயாகவே இருந்தது. புகைக் குழாயிலும் வெள்ளைப் புகை ஓயாமல் வருவதாகக் காணோம். பசை இருந்த இடம் மேல் மூடி ஒன்றுதான். எஞ்சினிலேயே மிகக் குளிர்ந்த இடம் அது. குளிர்ந்த இடத்தில் நீர்த்துளி படிவது, சோற்றுப் பானை மூடியின் அடியில் முத்து முத்தாக நீர் நிற்பதற்குச் சமானமான காரியம். நீர் உள்ளே கசிந்துதான் வரவேண்டுமென்பதில்லை.

அப்படியானால் அந்த நீர் எங்கிருந்து வந்தது? பெட்ரோலிலிருந்து! இதைக் கேட்டால் வகுப்பிலும் மாணவர்கள் சிரிப்பார்கள். பெட்ரோல் என்பது கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த வஸ்து. ஹைட்ரஜன் எரிந்தால் நீர் உண்டாகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாகப் பிறக்கிறது. அதில் மிகப் பெரும் பகுதி புகைக் குழாய் வழியே வெளியே போய்விடும். ஒரு சிறு பகுதி பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கில் புகுந்து எண்ணெய் இருக்கும் அறைக்குள் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தால் இந்த ஆவி அங்கே தங்காமல் வெளியேறும். எஞ்சின் குளிர்ந்தே இருந்தால் நீராக மாறி எண்ணெயோடு சேர்ந்து கடைபட்டு, பட்டறை மெக்கானிக் நமக்குக் காட்டிய வெண்ணெயாகிறது.

குளிரினால் விளையும் தீங்கு இத்துடன் நிற்பதில்லை. பெட்ரோல் எரியவேண்டுமானால் முதலில் ஆவியாகவேண்டும். குளிர்ந்த குழாயில் அது துளித் துளியாகவே நின்று, சிலிண்டரின் சுவரில் வழிந்து, அங்கே காவலாக இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். எரியாத மிச்சம் கரியாகப் பிளக்கில் படியும். அதனால் சோக் தேவைப்படுகிறது. சோக் இழுத்தால் பெட்ரோல் இன்னும் அதிகமாக வழிகிறது. 1930-களில் இங்கிலாந்தில் ஆட்டோமொபைல் எஞ்சினீயர்கள் கழகத்தின் சார்பாக ஸி. ஜி. வில்லியம்ஸ் என்பவர் சிலிண்டர் தேய்மானத்தைப் பற்றி விரிவான ஆராய்ச்சிகள் செய்தார். சிலிண்டரின் சுவர் குளிர்ந்திருக்கும்போது தேய்மானம் பன்மடங்காகிறது என்றும், உலோகத்தோடு உலோகம் உராய்வதைக் காட்டிலும், படிந்த ஈரமும் அமிலமும் அரிப்பதே அதற்குப் பெரிய காரணமென்றும் அவை காட்டின. அந்நாட்களில் பெட்ரோலில் கந்தகம் அதிகம்; நம் தேசத்தில் 2020-ஆம் ஆண்டு முதல் விற்கப்படும் பெட்ரோலில் அது மிகவும் குறைக்கப்பட்டுவிட்டது. ஆகையால் அமிலத்தின் கொடுமை இன்று முன்போல் இராது. ஆனால் ஈரமும், எண்ணெய் கழுவப்படுவதும் அப்படியே இருக்கின்றன. இருமுறை கடையப்பட்ட சிலிண்டர்கள் ஏன் அத்தனை சீக்கிரம் தேய்ந்தன என்பதைப் பற்றி நமக்கு அப்போதுதான் யோசனை ஓடத் தொடங்கிற்று.

ஊகம் சரி, பரீட்சை வேண்டாமா? முதற் பரீட்சை மீட்டருக்கு. முள் குளிர் என்று சொல்வதனாலேயே எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்பது நிச்சயமில்லை. மீட்டரே பொய் சொல்லலாம். பள்ளிக்கூடத்து ஆய்வுச் சாலையிலிருந்து 110 டிகிரி வரையில் காட்டும் உஷ்ணமானி ஒன்றைத் தலைமையாசிரியையின் அனுமதி பெற்று எடுத்து வந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை இருபது நிமிஷம் ஓட்டிக் கொண்டுவந்து நிறுத்தினோம். ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டால் கை தாங்கக்கூடிய சூடுதான். மூடியைத் துணி போட்டு மெல்லத் திறந்து உஷ்ணமானியை உள்ளே விட்டோம். 52 டிகிரி. (வீட்டில் இதைச் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஹோஸ் கையைச் சுட்டால் மூடியின் பக்கமே போகக்கூடாது. அடக்கப்பட்ட வெந்நீர் முகத்தில் பாய்ந்து கண்ணிழந்தவர்கள் உண்டு.) இருபது நிமிஷம் ஓடிய எஞ்சினில் தண்ணீர் 80 டிகிரிக்குக் குறையாமல் இருக்கவேண்டும். மீட்டர் உண்மை பேசியிருக்கிறது.

இரண்டாவது பரீட்சைக்கு உபகரணமே வேண்டாம். மறுநாள் விடியற்காலையில், இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த எஞ்சினைக் கிளப்பிவிட்டு, எஞ்சின் தலையிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றோம். யந்திரம் ஒழுங்காக இருந்தால் அந்த ஹோஸ் சில நிமிஷங்கள் வரையில் குளிர்ந்தே இருக்கும். பிறகு திடீரென்று ஒரு கணத்தில் சூடாகும். ஏனெனில், எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தெர்மோஸ்டாட் வால்வு என்னும் வாயில் காப்போன் நிற்கிறான். எஞ்சின் தனக்கு வேண்டிய சூட்டை அடையும் வரையில் தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் கதவைச் சாத்தி வைத்திருப்பதும், சூடு ஏறியபின் கதவைத் திறப்பதும் அவனுடைய உத்தியோகம். நம் வண்டியிலோ ஹோஸ் முதல் நிமிஷத்திலிருந்தே சிறிது சிறிதாக வெதுவெதுப்படைந்துகொண்டு வந்தது. கதவு திறந்தே கிடக்கிறது, அல்லது கதவே இல்லை.

உள்ளூரில் நம் வண்டியைக் கவனிப்பவர் ஒரு வயோதிக மெக்கானிக். ஊரார் எல்லாரும் அவரைப் பாய் என்றே அழைப்பார்கள், நாமும் அப்படியே. மாமனார் காலத்திலிருந்து இந்த வண்டி அவர் கைக்குப் பழக்கம். அவரிடம் போய், "பாய், இந்த வண்டியில் தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறதா?" என்று கேட்டோம்.

"அது ஏது வாத்தியாரய்யா? நான்தான் கழற்றிப் போட்டேன். இருபது வருஷம் இருக்கும்" என்றார் பாய், எவ்வித சங்கோசமுமின்றி.

நடந்த கதையைச் சொன்னார். ஒரு வைகாசி மாதம் மாமனார் குடும்பத்தோடு மலை ஏறி வந்துகொண்டிருந்தாராம். வழியில் வண்டி பொங்கி நின்றுவிட்டது. பாய் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தார். வால்வு மூடியபடியே இறுகிப் போயிருந்தது. பாதி மலையில் புதிய வால்வுக்கு எங்கே போவது? பழையதைக் கழற்றி எறிந்துவிட்டு, காஸ்கெட்டுக்கு ஒரு கெட்டி அட்டையை வெட்டி வைத்து, இரவு எட்டு மணிக்குக் குடும்பத்தை வீடு சேர்த்தார். அன்றைக்கு அது செய்யவேண்டிய காரியந்தான். அதைவிடப் புத்திசாலித்தனமாக ஒருவரும் செய்திருக்க முடியாது. ஆனால் பிற்பாடு புதிய வால்வு போடுவதற்கு ஒருவருக்கும் காரணம் தோன்றவில்லை. வண்டிதான் கொதிக்கவே இல்லையே!

"இங்கிலீஷ்காரன் அவன் ஊர்க் குளிருக்கு வைத்த சாமான், ஐயா. நம் நாட்டுக்கு அது எதற்கு? எந்தப் பட்டறையில் வேண்டுமானாலும் கேளுங்கள், முதல் வேலையாக அதைத்தான் கழற்றுவார்கள்" என்றார் பாய்.

கேட்பதற்கு இது தேசபக்தி நிறைந்த வாதமாகவே இருக்கிறது. ஆயினும் நமக்கு இரண்டு ஆட்சேபணைகள். முதலாவது, உதகமண்டலத்து மார்கழி விடியற்காலைக்கு எந்த இங்கிலீஷ்காரனும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டுதான் ஆகவேண்டும். இரண்டாவது, உஷ்ண தேசத்துக்கு என்ன செய்யவேண்டுமென்பதை இந்த எஞ்சினைச் செய்தவர்கள் யோசிக்காமல் விடவில்லை. இதே பி வரிசை எஞ்சினைப் பெரிதாக்கி எம்.ஜி.பி. என்னும் வண்டியில் வைத்தார்கள். அந்த வண்டிக்கு மூன்று விதமான வால்வுகளைக் குறித்திருக்கிறார்கள்: சாதாரணமாக 82 டிகிரியில் திறப்பது, குளிர் தேசங்களுக்கு 88, உஷ்ண தேசங்களுக்கு 74. காப்போனைச் சற்று முன்னதாகவே கதவைத் திறக்கும்படி செய்தார்களேயன்றி, அவனை வேலையிலிருந்தே நீக்கிவிடும்படி சொல்லவில்லை.

பாய் லேசில் விடுகிறவரல்ல. "அந்தக் காலத்து வண்டிகளில் வால்வே கிடையாதே?" என்றார். உண்மைதான். 1908 முதல் 1927 வரையில் உற்பத்தியான போர்டு மாடல் டி வண்டியில் தெர்மோஸ்டாட் இல்லை. ஆரம்ப காலத்து ஒரு சில வண்டிகளைத் தவிர மற்றவற்றில் தண்ணீர் பம்பும் இல்லை. சூடான நீர் லேசாகி மேலே ஏறும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும் என்ற நியதி ஒன்றினாலேயே அதில் தண்ணீர் சுற்றியது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் தண்ணீர் அசையாது. சூடு ஏற ஏறத் தானே ஓடும். ஆகவே காப்போனுடைய வேலையில் பாதியை நியதியே பார்த்துக்கொண்டது. பம்பு வந்த பிறகு, எஞ்சின் சுற்றும்போதெல்லாம், வேண்டினாலும் வேண்டாவிட்டாலும், தண்ணீர் தள்ளப்படுகிறது. மலை இறங்கும்போது நம் முள் ஏன் அடியில் போய்ப் படுத்தது என்பதும் இப்போது விளங்கும். இரண்டாவது கியரில் இறங்குகையில் பெட்ரோலோ சிறிதளவுதான் எரிகிறது. ஆனால் சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்ற, எஞ்சின் பம்பையும் ஃபேனையும் சுழற்ற, இருக்கிற கொஞ்சம் சூட்டையும் காற்றில் இறைத்துக்கொண்டே போகிறோம்.

"சரி, ரேடியேட்டருக்கு முன்னால் பாதிக்கு ஓர் அட்டையை வைத்துக் கட்டிவிட்டால் போகிறது" என்றார் பாய். குளிர் தேசங்களில் முன்னாளில் ரேடியேட்டருக்குப் போர்வை போர்த்துவது வழக்கந்தான். ஆனால் நம் பிரயாணத்தில் காலையில் குளிர், பகலில் கோயம்புத்தூர் வெயில், மாலையில் மலை ஏற்றம். அட்டையை எடுக்க மறந்து பர்லியாறு ஏறினால், அங்கே குடத்துடன் நிற்பவர்களோடு நாமும் சேரவேண்டியதுதான். மறதியில்லாத காவலாளி இருக்கும்போது மறதியுள்ள காவலாளியை நியமிப்பானேன்?

கடைசியில் பாய், "வாங்கி வாருங்கள், பார்க்கலாம்" என்று இறங்கி வந்தார்.

வாங்குவது எளிதாயில்லை. கோயம்புத்தூரில் உதிரி பாகம் விற்கும் கடைகளில் மூன்றில் கையை விரித்தார்கள். நான்காவது கடைக்காரர் நம்மை மேலும் கீழும் பார்த்தார். "இதைக் கழற்றிப் போடுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன் சார். காசு கொடுத்து வாங்குகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன்" என்று சொல்லி, தூசி படிந்த ஒரு பெட்டியைப் பரண்மேலிருந்து எடுத்துக் கொடுத்தார். 82 என்று விளிம்பில் பொறித்திருந்தது. 88 கிடைத்திருந்தாலும் நாம் வாங்கியிருக்கமாட்டோம். நம் ஊர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். வால்வு திறக்கத் தொடங்குவது ஒரு சூட்டில், முழுவதும் திறப்பது அதற்குப் பத்துப் பன்னிரண்டு டிகிரி மேலே. அழுத்த மூடி சரியாக வேலை செய்தால் தண்ணீர் அவ்வளவு எளிதில் கொதிக்காது என்பது மெய்யே. என்றாலும் நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட ரேடியேட்டரை நம்பி அவ்வளவு நெருக்கத்தில் நடப்பது உசிதமன்று. அதனால் மூடியையும் புதிதாக வாங்கிக்கொண்டோம்.

வாங்கியதை அப்படியே மாட்டிவிடக் கூடாது. புதிய வால்வும் கெட்டதாக இருக்கலாம். சமையலறையில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டி அடியில் படாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் உஷ்ணமானியையும் தொங்கவிட்டோம். "ரசம் வைக்கிற பாத்திரந்தானா கிடைத்தது?" என்றார் இல்லத்தரசி. கேட்டவர் அடுப்பை விட்டு நகரவில்லை. 70 ஆயிற்று, 75 ஆயிற்று, ஒன்றும் நிகழவில்லை. 81-ஐத் தாண்டியபோது நடுத் தட்டின் ஓரத்தில் தலைமயிர் அளவுக்கு ஓர் இடைவெளி கண்டது. பிறகு அது மெல்ல மெல்ல விரிந்து, தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்போது சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு அகன்றது. அடுப்பை அணைத்ததும் அதேபோல் மெல்ல மூடிக்கொண்டது. அதற்குள் இருப்பது வெறும் மெழுகு. பித்தளைக் கிண்ணத்தில் அடைபட்ட மெழுகு உருகும்போது பெருத்து, ஒரு சிறு தண்டைத் தள்ளுகிறது. ஆறும்போது சுருங்க, வில் கதவைச் சாத்துகிறது. இதற்கு முந்திய காலத்தில் மெழுகுக்குப் பதிலாகத் துருத்தி போன்ற மெல்லிய உலோகக் கூட்டில் எளிதில் ஆவியாகும் திரவத்தை அடைத்து வைத்திருந்தார்கள். துருத்தி வகை ஓட்டையாகிவிட்டால் பெரும்பாலும் திறந்தபடி நிற்கும். மெழுகு வகை கெட்டால் பெரும்பாலும் மூடியபடி நிற்கும். பாயின் பயத்துக்கு ஆதாரம் இல்லாமலில்லை. சில வருஷங்களுக்கு ஒருமுறை இதைக் கழற்றிப் பாத்திரத்தில் போட்டுப் பார்த்துவிட்டால் அந்தப் பயத்துக்கு இடமில்லை. மறுவாரம் ஒன்பதாம் வகுப்பில் இதையே செய்து காட்டினோம். வருஷம் முழுவதும் நாம் நடத்திய பாடத்தில் பின்வரிசைப் பையன்கள் முன்னால் ஓடிவந்து பார்த்தது அது ஒன்றுதான்.

பொருத்தும் வேலை அரைமணி நேரத்தில் முடிந்தது. தண்ணீரைக் கொஞ்சம் இறக்கி, எஞ்சின் தலையின் முன்புறத்துக் குழாய் வளைவைக் கழற்றினோம். உள்ளே வால்வுக்கென்று கடைந்திருந்த பள்ளம் வெறுமையாகத் துருவேறிக் கிடந்தது. பாய் தம் அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருபது வருஷமும் ஒழுகாமல் இருந்திருக்கிறது. பள்ளத்தைச் சுரண்டி, மெழுகுக் கிண்ணம் எஞ்சின் பக்கம் இருக்குமாறு வால்வை வைத்து, புதிய காஸ்கெட் போட்டு இறுக்கினோம். கிண்ணத்தைத் தலைகீழாக ரேடியேட்டர் பக்கம் வைத்தால் சூடு அதற்குத் தெரியாது, கதவும் திறக்காது. வால்வின் தட்டில் குண்டூசித் தலை போன்ற ஒரு சிறு துவாரம் உண்டு. அடைபட்ட காற்று வெளியேறுவதற்காக அதை மேற்புறமாக வைக்கவேண்டும். எண்ணெயையும் அன்றே மாற்றினோம்.

மறுநாள் காலை ஹோஸின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றோம். ஐந்து நிமிஷம் வரையில் பனிக்கட்டி மாதிரி இருந்தது. ஏழாவது நிமிஷத்தில் வெந்நீர் ஒரு வீச்சில் உள்ளே பாய்ந்து வருவது உள்ளங்கையில் தெரிந்தது. முள் பாதிக்குப் போய் நின்றது. ஒரு கிலோமீட்டருக்குள் சோக்கைத் தள்ளினோம்; வண்டி விக்கவில்லை. இரண்டு மாதத்தில் லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் திரும்பி வந்துவிட்டது. எண்ணெய் மூடியைத் துடைத்து வைத்தோம். பங்குனி மாதம் திறந்து பார்த்தபோது அங்கே சாதாரண எண்ணெய்ப் பளபளப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. தேய்ந்த சிலிண்டர்கள் தேய்ந்தவைதாம். வால்வு அவற்றை வளர்க்காது. ஆனால் எஞ்சினை இறக்கவேண்டியதில்லை. வண்டியை விற்கும்படி யோசனை சொன்ன நண்பர் இப்போது விலை எவ்வளவு என்று கேட்கிறார்.

சித்திரையில் உண்மையான சோதனை வந்தது. தாயாரை அழைத்துக்கொண்டு கோயம்புத்தூர் போய்த் திரும்பும்போது பாயும் கூட வருவதாகச் சொன்னார். சொந்த வேலை இருப்பதாகத்தான் சொன்னார். பிற்பகல் மூன்று மணி வெயிலில் மேட்டுப்பாளையத்தை விட்டுப் புறப்பட்டோம். முன் ஆசனத்தில் உட்கார்ந்திருந்த பாய் சாலையைப் பார்க்கவேயில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். காலடியில் ஐந்து லிட்டர் தண்ணீர் டப்பா. மடியில், துணியில் சுற்றிய ஒரு ஸ்பானர். பர்லியாறு வந்தது. வழக்கம்போல் நாலைந்து வண்டிகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. நம் முள் பாதியைத் தாண்டி ஒரு கோடு மேலே ஏறி, அங்கேயே நின்றது. பழக்கடைக்காரர் கையை உயர்த்தினார். அதற்கு மேலுள்ள கடுமையான ஏற்றத்திலும் முள் அந்தக் கோட்டை விட்டு நகரவில்லை.

குன்னூர் தாண்டியதும் பாய் ஸ்பானரைக் கதவுப் பைக்குள் போட்டார். பிறகு காதைச் சாய்த்து ஒரு கணம் கேட்டுவிட்டு, "ஃபேன் பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, ஐயா. நாளைக்குக் கொண்டு வாருங்கள்" என்றார். பின் ஆசனத்தில் தாயார் தூங்கிக்கொண்டிருந்தார்.